சாம்பல் யாருக்குச் சொந்தம்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேட்டால் குலைச் சாம்பலைப் பற்றிச் சொல்வார்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் பழத்தை உதிர்த்தபின் மிஞ்சுவது வெறுங்குலை. அதை ஆலைக்குப் பின்னால் இருந்த உலையில் கொட்டி எரிப்பார்கள். வெள்ளைப் புகை நாள் முழுக்கப் போகும். காற்று திரும்பினால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை அடிக்கும். எரிந்து முடிந்த சாம்பலைச் சாக்கில் கட்டித் தோட்டத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் மரத்தடியில் தூவுவார்கள். அந்தச் சாம்பலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொட்டாஷ், அதாவது பொட்டாசியச் சத்து. காசு கொடுத்து வாங்க வேண்டிய உரம், ஆலை வாசலிலேயே சும்மா கிடைத்தது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்து, புகைக்கான கட்டுப்பாடு இறுகிய பிறகு அந்த உலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. நின்றது நல்லதுதான். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் லயத்து மக்கள். ஆனால் புகையோடு சேர்ந்து பல இடங்களில் இன்னொரு வழக்கமும் நின்றுபோனது: மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம்.

நான் பயோமாஸ் ஆராய்ச்சி செய்கிறவள். செடி, மரம், தோட்டக் கழிவு ஆகியவற்றிலிருந்து ஆற்றல் எடுப்பதுதான் என் வேலை. கல்யாண வீட்டிலோ கோயிலிலோ இதைச் சொன்னதும் அநேகமாக ஒரே கேள்விதான் வரும். "நம்ம ஊர்லதான் இவ்வளவு செம்பனைக் குப்பை கிடக்குதே, எரிச்சுக் கரண்டு எடுத்துட்டா நிலக்கரி எதுக்கு?" நியாயமான கேள்வி. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியில் ஓடுகிறது. நாட்டில் செம்பனை நிற்கும் நிலமோ சுமார் 5.6 மில்லியன் ஹெக்டேர். நானூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. பிறகு என்ன தடை?

தடையைப் புரிந்துகொள்ள ஆலைக்குள் ஒருமுறை போய் வர வேண்டும். லோரியில் 100 டன் பழக்குலை வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நீராவியில் வேக வைத்து, பெரிய உருளையில் போட்டு உருட்டினால் பழம் உதிர்ந்துவிடும். வெறுங்குலை மட்டும் 22, 23 டன் வெளியே வரும். பழத்தைப் பிழிந்தால் 20 டன் வாக்கில் எண்ணெய், 13 டன் வாக்கில் நார். கொட்டையை உடைத்தால் பருப்பு தனி, 5 முதல் 7 டன் ஓடு தனி. இது போக 60, 70 கன மீட்டர் கழிவுநீர், கொழகொழவென்று பழுப்பு நிறத்தில், சூடாக. ஆலை தன் நீராவிக்கும் மின்சாரத்துக்கும் வெளியாரை நம்பி இருப்பதில்லை. நாரையும் ஓட்டையும் பாய்லருக்குள் போட்டே தன் தேவையைப் பார்த்துக்கொள்ளும். செம்பனை ஆலை பயோமாஸில் ஓடுவது நேற்று வந்த புதுமை இல்லை. நாம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே பாய்லர்மேன்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

என் பெரியப்பா அப்படி ஒருவர். தென் செபராங் பிறையில் ஓர் ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். எரிபொருளின் ஈரப்பதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தே சொல்லுவார். வெறுங்குலையைப் பாய்லரில் ஏன் எரிக்கவில்லை என்று நான் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "ஈரக் குலையை உள்ள தள்ளினா பிரஷர் இறங்கிடும்மா. மில்லே நின்னு போவும். ஓட்டை நாலு வாரு வாரிப் போட்டா உடனே ஏறிடும். அப்புறம் எவன் குலையைத் தொடுவான்?"

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஒரு டன் குலையில் 650 கிலோ தண்ணீர் என்றால் உண்மையான எரிபொருள் 350 கிலோதான். காய்ந்த நார்ப்பொருள் கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் தரும். ஆக 6,300 மெகாஜூல். அந்த 650 கிலோ தண்ணீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 1,600 மெகாஜூல் போய்விடும். கால் பங்கு ஆற்றல் புகைபோக்கி வழியாக ஆவியாகப் போகிறது. மிச்சத்தில்தான் நாம் ஏதாவது செய்ய வேண்டும். 20 டன் குலையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் லோரி உண்மையில் 13 டன் தண்ணீரை ஏற்றிப் போகிறது. டீசல் செலவு தண்ணீருக்கு. எந்தத் திட்ட அறிக்கையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஈரத்தோடு சொன்ன டன்னா, காய்ந்த டன்னா? இதைத் தெளிவாகச் சொல்லாத அறிக்கையை நான் மேற்கொண்டு நம்புவதில்லை.

தண்ணீரையாவது பிழிந்து எடுத்துவிடலாம். குலையைக் கிழித்து, திருகு அச்சில் அழுத்தினால் ஈரம் பாதிக்குக் கீழே இறங்கும். மிச்சமிருக்கும் எண்ணெயும் கொஞ்சம் கிடைக்கும். பல ஆலைகள் இப்போது செய்கின்றன. ஆனால் சாம்பலைப் பிழிய முடியாது.

ஆய்வகத்தில் சாம்பல் சோதனை சாதாரண வேலை. சின்னப் பீங்கான் கிண்ணத்தில் ஒரு கிராம் பொடியை எடை போட்டு வைத்து, மின் உலையில் மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிட்டு, ஆறியதும் மறுபடி எடை பார்ப்போம். 550, 575 டிகிரியில் வைத்தால் வெறுங்குலை வெளிர் சாம்பல் நிறப் பொடியாகும், ஊதினால் பறக்கும். அதே பொடியை 900 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கண்ணாடிப் பாகு உறைந்து பளபளக்கும். சுரண்டினால் வராது, கிண்ணத்தையே தூக்கிப் போட வேண்டியதுதான். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "டாக்டர், கிண்ணம் உருகிடுச்சு" என்று ஓடி வருவார்கள். கிண்ணம் உருகவில்லை. சாம்பல்தான் உருகியிருக்கிறது.

காரணம் பொட்டாசியம். மணலில் இருக்கும் சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும். அதோடு பொட்டாசியம் சேர்ந்துவிட்டால் 800 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும். வெறுங்குலையில் இரண்டும் உண்டு. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அதன் நாரைப் பார்த்தால், மேற்பரப்பு முழுக்க வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் முள் முள்ளாக ஒரு சிலிக்கா உருண்டை உட்கார்ந்திருக்கும். மரம் தானே மண்ணிலிருந்து உறிஞ்சி அங்கே பதித்து வைத்தது. இதெல்லாம் பாய்லருக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் பெரியப்பா போன்றவர்கள் உடம்பால் அறிந்தவர்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கிளிங்கர். உலைக்கம்பிகளில் பாறைபோல் ஒட்டி, காற்று வழியை அடைத்துவிடும். பாய்லரை நிறுத்தி, ஆற விட்டு, ஆள் உள்ளே இறங்கிக் கடப்பாரையால் உடைத்து எடுக்க வேண்டும். குழாய்களின் மேலும் அது படிந்து, கூடவே வரும் குளோரின் இரும்பை அரிக்கும். ஓர் ஆலையில் ஆறிய உலைக்குள் நானும் தலையை நுழைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உள்ளே இறங்கி வேலை செய்தவர்களின் கையுறை விரல் நுனியில் ஓட்டையாக இருந்தது. கிளிங்கரை ஒரு 'தொழில்நுட்பச் சவால்' என்று கட்டுரையில் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர அதற்குப் பிறகு எனக்கு மனம் வருவதில்லை.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் இருக்கிறது. மரம் தன் உடம்பில் சேர்த்து வைக்கும் கார்பன் காற்றிலிருந்து வந்தது. அதைக் கட்டிய சக்தி வெயிலிலிருந்து வந்தது. பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ், சிலிக்கா போன்றவைதான் மண்ணிலிருந்து வந்தவை. எரித்தால் கார்பன் காற்றுக்கே திரும்புகிறது, வெயிலின் சூடு நமக்குக் கிடைக்கிறது, மண்ணின் பங்கு சாம்பலாக நிற்கிறது. நமக்கு வேண்டிய ஆற்றலில் மண் கொடுத்தது எதுவுமே இல்லை. பாய்லரைக் கெடுப்பதோ மண் கொடுத்ததுதான். அப்படியென்றால் இரண்டையும் உலைக்குள் நுழையும் முன்பே பிரித்துவிட்டால் என்ன? ஒரு டன் வெறுங்குலையில் சுமார் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமமான பொட்டாசியம் இருக்கிறது. மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. தோட்டத்தில் தூவும் அந்த இளஞ்சிவப்பு உரம் எல்லாம் கப்பலில் வருவது. 2022-இல் உக்ரைன் போரின்போது அதன் விலை ஏறிய ஏற்றத்தில் எத்தனை சிறுதோட்டக்காரர்கள் உரம் போடுவதையே நிறுத்தினார்கள் என்று ஜாவி பக்கத்து உரக்கடையில் விசாரித்தால் தெரியும்.

பிரிப்பது கடினமா என்றால், இல்லை. பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. மழையில் நனைந்த குலைக் குவியலிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் ஒரு நீர் கசிந்து ஓடுமே, அதில் நிறையப் பொட்டாசியம் கரைந்திருக்கும். ஆலை முற்றத்தில் குவிந்து கிடக்கும் குலை ஒன்றிரண்டு மாத மழையில் அதில் பெரும்பங்கைச் சாக்கடைக்குக் கொடுத்துவிடுகிறது. யாரும் கவனிப்பதில்லை. வெறும் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினாலே சாம்பல் கணிசமாகக் குறையும் என்பதை எங்கள் பினாங்கின் யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இயற்பியல் துறை ஆய்வாளர்கள் 2000-களின் கடைசியில் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அவர்கள் பார்த்தது பைரோலிசிஸ். காற்றில்லாமல் 500 டிகிரி வாக்கில் சட்டென்று சூடாக்கி, வரும் ஆவியைக் குளிர்வித்தால் கருப்பான ஒரு திரவம் கிடைக்கும், அதுதான் பயோ-ஆயில். கழுவாத வெறுங்குலையில் செய்தால் அந்தத் திரவம் தாரும் தண்ணீருமாக இரண்டாகப் பிரிந்து நின்றது. கழுவி, சாம்பலை 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்தபோது ஒரே சீரான திரவமாக வந்தது. பொட்டாசியம் சூட்டில் ஆவிகளை மேலும் உடைத்துவிடுகிறது. அதனால் எண்ணெய் குறைந்து தண்ணீரும் கரியும் வாயுவும் கூடுகின்றன. எளிமையான சோதனை, அழகான முடிவு. எனக்கு இன்றும் இந்தத் துறையில் மிகப் பிடித்த ஆய்வுகளில் ஒன்று.

அந்தப் பயோ-ஆயிலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பெயரைக் கேட்டு டீசல் என்று நினைத்துவிடக் கூடாது. கால் பங்கு வரை தண்ணீர், புளிக்காடியைப்போல் அமிலம், வைத்திருந்தால் நாளாக நாளாகக் கெட்டியாகும், டீசலில் பாதிக்கும் குறைவான சக்தி. இதை விமானத்துக்கு ஊற்றப் போகிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் நடுவில் இருக்கும் சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

நான் கவலைப்படுவது கழுவிய பிறகு நிற்கும் தண்ணீரைப் பற்றி. கட்டுரைகளில் பெரும்பாலும் 'கழுவி, உலர்த்தி' என்று இரண்டு சொல்லில் கடந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஆற்றில் விட்டால் குற்றம். கழிவுநீர்க் குளத்தில் விட்டால் வீண். தோட்டத்துக்குப் பாய்ச்சினால் உரம். என் மாணவர்கள் இப்போது செய்வது இந்த மூன்றாவது வழி: எவ்வளவு குறைந்த தண்ணீரில், எத்தனை சுற்றுக் கழுவினால், எந்தச் செறிவில் பொட்டாசியம் வெளிவருகிறது, அதை ஆலையைச் சுற்றிய மரங்களுக்குக் குழாயில் கொண்டுபோக எவ்வளவு தூரம் வரை கட்டுப்படியாகும். பரபரப்பான ஆராய்ச்சி இல்லை. வாளி, வடிகட்டி, கடத்துதிறன் மீட்டர். ஆனால் இந்தக் கணக்கு சரிவராமல் மற்ற எந்த உலையும் நீடித்து ஓடாது என்பது என் உறுதியான கருத்து.

மற்றப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடுதான் எல்லாருடைய செல்லப்பிள்ளை. ஈரம் குறைவு, சாம்பல் குறைவு, கொட்டினால் கல் மாதிரி சரசரவென்று ஓடும். 2012-இல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உறுதி விலை கொடுக்கத் தொடங்கியதும் நம் ஓடு கப்பலேறத் தொடங்கிவிட்டது. இங்குள்ள சிறு பாய்லர்களுக்கு விலை கட்டவில்லை. கழிவுநீரில் தயக்கமே வேண்டாம்: திறந்த குளத்தில் அது மீத்தேனாகப் பொங்கி வானத்துக்குப் போகிறது, மூடிப் பிடித்தால் ஒரு கன மீட்டருக்கு 28 கன மீட்டர் வரை பயோகாஸ் கிடைக்கும், அதில் மூன்றில் இரண்டு பங்கு மீத்தேன். எடுத்தபின் நிற்கும் நீரில் சத்து அப்படியே இருக்கும், தோட்டத்துக்கு விடலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இது கட்டாயம். பழைய ஆலைகளிலும் வந்தாக வேண்டும். மட்டையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். வெட்டிய மட்டை மரங்களுக்கு நடுவில் வரிசையாகக் கிடந்து மக்குவதால்தான் மழைக்கு மண் கரையாமல் நிற்கிறது. அதையும் கட்டித் தூக்கித் துகளாக்கி விற்கும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தண்டு வேறு கதை. 25 வருடத்தில் செம்பனையைச் சாய்த்து மறு நடவு செய்ய வேண்டும். எரிக்கத் தடை இருப்பதால் தண்டைச் சீவித் தோட்டத்திலேயே குவிக்கிறார்கள். ஈரமான அந்தக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, புதுக் கன்றின் குருத்தைத் துளைக்கும். தோட்டத்துக்காரர்களுக்கு இந்த வண்டோடு தீராத பகை. ஜப்பானின் ஜிர்காஸ் ஆய்வு நிலையமும் யூ.எஸ்.எம். ஆய்வாளர்களும் சேர்ந்து சாய்த்த தண்டின் சாற்றைப் பிழிந்து பார்த்தார்கள். நிறையச் சர்க்கரை. அதைவிட வியப்பு, வெட்டிச் சில வாரம் வைத்திருந்தால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. கரும்புச் சாற்றை நெருங்குகிறது. மரம் தன் மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே இருக்கிறது. அதை நொதிக்க வைத்து எத்தனால் எடுக்கலாம். வண்டுக்கும் வீடு குறையும். தண்டை அடிமரத்தோடு முழுசாக வெளியேற்றாமல், சாற்றை மட்டும் எடுத்துச் சக்கையை மண்ணில் விடுவதே சரி என்று நினைக்கிறேன்.

மரத்தைக் கரியாக்கும் கலையும் நமக்குப் புதிதில்லை. நிபோங் திபாலிலிருந்து ஒரு மணி நேரத்தில் கோலா செபத்தாங் போய்விடலாம். அங்கே மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பக்காவ் மரத்தை, குவிந்த கூரை போட்ட செங்கல் சூளைகளில் அடுக்கி, வாயிலை மண்ணால் பூசிவிட்டு, வாரக்கணக்கில் மெல்லிய சூட்டில் கரியாக்குகிறார்கள். 30 வருடச் சுழற்சியில் வெட்டி, திரும்ப வளர விடும் காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அப்படி நடத்தி வருகிறார்கள். சூளை முதலாளிகளான சீனக் குடும்பத்தார் புகையின் நிறத்தையும் வாசனையையும் பார்த்தே உள்ளே மரத்திலிருந்த தண்ணீர் வெளியேறிவிட்டதா, கரி ஆகிவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் துறை மாணவர் யாரும் அங்கே ஒருமுறை போகாமல் பட்டம் வாங்கக் கூடாது.

இப்போது கொள்கை மட்டத்தில் வேகம் வந்திருக்கிறது. 2023-இல் எரிசக்தி மாற்றத் திட்டம் வந்தது, அதே ஆண்டின் இறுதியில் 2030 வரைக்கான தேசிய பயோமாஸ் செயல்திட்டமும் வந்தது. ஜொகூரின் தஞ்சோங் பின் மின்நிலையத்தில் நிலக்கரியோடு பயோமாஸைக் கலந்து எரிக்கும் முயற்சியும் எரிசக்தி மாற்றத் திட்டத்தில் உண்டு. நான் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. பெரிய மின்நிலையம் வாங்கத் தொடங்கினால் குலைக்கு விலை வரும். விலை வந்தால் எல்லாம் துகளாகி லோரியேறித் தெற்கே போகும். கூடவே பொட்டாசியமும் போகும். அங்கே நிலக்கரிச் சாம்பலோடு கலந்துவிட்டால் அது மறுபடி எந்த மண்ணுக்கும் உதவாது.

இதில் முதலில் அடி வாங்கப் போகிறவர்கள் சிறுதோட்டக்காரர்கள். நாட்டின் செம்பனைப் பரப்பில் கால் பங்குக்கு மேல் அவர்களிடம் இருக்கிறது. பெரிய தோட்டம் தன் ஆலையிலிருந்து வெறுங்குலையைத் தன் மரத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளும். ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறவர் பழத்தை வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுப்பதோடு கதை முடிந்தது. ஒரு டன் பழக்குலையோடு ஏறக்குறைய 3.7 கிலோ பொட்டாசியம் அவர் நிலத்தை விட்டுப் போகிறது. கடையில் வாங்கினால் ஏழு கிலோ பொட்டாஷ் உரம். பழத்தின் விலையைக் கட்டுவது எண்ணெய் விழுக்காட்டையும் பருப்பையும் வைத்து. குலைக்கும் ஓட்டுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. இத்தனை காலம் அது குப்பை, யாரும் கேட்கவில்லை. சரி. இப்போது ஓடு டாலரில் விலை போகிறது, நாளை குலையும் போகும்.

அதனால் பயோமாஸ் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். பழ விலைக் கணக்கில் குலைக்கும் ஓட்டுக்கும் ஒரு பங்கு சேர வேண்டும். பழம் இறக்கிய லோரி திரும்பும்போது சாம்பலோ, கழுவிப் பிரித்த பொட்டாஷோ, மக்கிய குலையோ ஏதாவது ஒன்றை ஏற்றிப் போக வேண்டும். லோரி எப்படியும் காலியாகத்தான் திரும்புகிறது, டீசல் செலவும் ஏற்கெனவே ஆகிறது. சேகரிப்பு நிலையத்தில் ஒரு கொட்டகையும், மூட்டையில் எத்தனை விழுக்காடு பொட்டாஷ் என்று எழுதி ஒட்டும் ஒரு சோதனையும் போதும். அந்தச் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் செய்துதர நாங்கள் தயார்.